அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண்: உள்ளே விடுவார்களா?

வணக்கம். ஸ்பெயின், கிரனாடா. அக்டோபர் 14-க்கு அங்குள்ள அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை வளாகத்தின் பொது டிக்கெட் 2 இருக்கிறது. அந்த வளாகத்தின் முக்கியப் பகுதியான நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் காலை 11 மணி. ஜூலையில் எடுத்தோம், ஆகஸ்டில் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததில் எண் மாறிவிட்டது. டிக்கெட்டில் இருப்பது பழைய எண்.

அங்கே டிக்கெட் பெயரோடும் அடையாள எண்ணோடும் கட்டப்பட்டது. நஸ்ரித் வாசலிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள், நேரம் தவறினால் நுழைவு போச்சு. அதனால்தான் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப் பயமாக இருக்கிறது.

டிக்கெட் வாங்கிய இடத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, தானியங்கிப் பதில்தான் வருகிறது. புதிதாக எடுக்கப் பார்த்தால் 13, 14, 15 மூன்று நாளும் தீர்ந்துவிட்டது. அல்ஹம்ப்ரா நுழைவும் சேர்ந்த கிரனாடா நகரச் சுற்றுலா அட்டையிலும் இடமில்லை. தோட்டங்களுக்கான டிக்கெட் கிடைக்கிறது. ஆனால் அதில் ஹெனரலிஃபே தோட்டம், அல்காஸபா கோட்டை போன்றவைதான், நஸ்ரித் அரண்மனைகள் இல்லை. 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்றும், தேனடை போலத் தொங்கும் முகர்னாஸ் கூரையும் நஸ்ரித் பகுதியில்தான் இருக்கின்றன. அம்மா பார்க்க ஆசைப்படுவதே அவற்றைத்தான். இரவு நுழைவு வேண்டாம், இருட்டில் படியும் கல்தரையும் அவருக்குச் சிரமம்.

கையில் இருப்பவை: மூலை வெட்டிய பழைய இந்தியப் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா ஒட்டிய புதியது. புதியதன் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டி நஸ்ரித் வாசலைத் தாண்டியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?