எக்ஸ்ஆர்டி மேடையின் ஒரு ஓரத்தில் மட்டும் உச்சங்கள் நகர்கின்றன

96 குழித் தட்டில் பொடி மாதிரிகளை வைத்து இரவு முழுக்கத் தானாக ஓடும் எக்ஸ்ரே டிஃப்ராக்டோமீட்டர் (எக்ஸ்ஆர்டி: எக்ஸ்ரே சிதறும் கோணங்களை வைத்துப் படிக அமைப்பை அறியும் கருவி) எங்களுடையது. பிரதிபலிப்பு முறை, கோனியோமீட்டர் (கோணம் அளக்கும் பாகம்) ஆரம் 150 மி.மீ., தாமிரக் குழாய். தட்டை நகர்த்தும் எக்ஸ்ஒய் மேடையின் மோட்டாரை மாற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

முதல் வரிசையில் சிலிக்கான் உச்சம் (சிதறிய எக்ஸ்ரே செறிவு கூடும் கோணம்) 28.44°-ல் சரியாக நிற்கிறது. கடைசி வரிசையில் 28.34°. ஆனால் 76.4° உச்சம் 0.08° தான் நகர்கிறது. ஜீரோ பிழை (கோண அளவின் தொடக்கப் புள்ளி தவறுவது) என்றால் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவுதானே நகரும்? ஆகவே இது உயரப் பிழை; கணக்குப்படி கடைசி வரிசையில் மாதிரி சுமார் 0.13 மி.மீ. தாழ்ந்திருக்கிறது.

தட்டை 180° திருப்பி வைத்தேன். பிழை தட்டோடு போகவில்லை, மேடையின் அதே பக்கத்தில் நிற்கிறது. குழிகளை மறுபடி நிரப்பி, கண்ணாடித் தகட்டால் சமப்படுத்தினேன், பலனில்லை. சர்வீஸ்காரர் இன்னும் தட்டைத்தான் குறை சொல்கிறார். இதற்கிடையே சாஃப்ட்வேர் வேறு, கடைசி வரிசைக் கலவை ஒன்றைப் புதுக் கட்டம் (புதிய படிக அமைப்பு) என்று காட்டி ஆசை மூட்டியது!

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: மேடையைத் திருகிச் சமன்செய்வதா, குழிக்குக் குழி உயரத் திருத்தம் கொடுத்து ஓட்டுவதா, எது நிலைத்து நிற்கும்?