அம்மம்மா வீடு குழு: பெறுபேறு வந்த இரவு

பாலன்: ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்துவிட்டது. கேதீசுக்கு மூன்று ஏ. மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தி வீண்போகவில்லை. வசந்தி, யதுஷாவுக்கு எப்படி?

வசந்தி: இரண்டு பி, ஒரு சி அண்ணா. பௌதிகவியலில்தான் சி. பார்த்ததும் போனை வைத்துவிட்டு அறைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை.

ரூபி (டொரண்டோ): ஐயோ அக்கா, பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள்.

பாலன்: நன்றாகப் படித்த பிள்ளையல்லவா? ரியூசனுக்கும் கல்முனை வரை அனுப்பினோமே. மூன்று ஏ வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

சுகந்தி: அண்ணா, கோபிக்க வேண்டாம், ஆனால் இந்தப் பேச்சை அவள் வாசிக்கும் குழுவில் போடாதீர்கள். அக்கா, யதுஷாவின் இசட் புள்ளி என்ன, மாவட்ட நிலை என்ன? இங்கே யாருமே அதைக் கேட்கவில்லை.

வசந்தி: அதையெல்லாம் நான் பார்க்கவில்லை சுகந்தி. எழுத்தைத்தான் பார்த்தேன்.

பாலன்: ஏ என்றால் ஏதானே, பிறகு என்ன இசட்?

சுகந்தி: வகுப்பில் வருடா வருடம் பெற்றோருக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசியுங்கள். ஏ, பி, சி எல்லாம் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளை எடுப்பது இசட் புள்ளியை வைத்துத்தான். 2001இல் இந்த முறை வந்தது. அதற்கு முன்னர் புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். அப்படிக் கூட்டினால் இலகுவான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவன் முன்னுக்குப் போவான், கடினமான பாடத்தை எடுத்தவன் பின்தங்குவான். இசட் புள்ளி என்ன செய்கிறது என்றால், அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறாள் என்று அளக்கிறது.

சுகந்தி: சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரியும் 40, நியம விலகல், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 20. உங்கள் பிள்ளை 60 எடுத்தால் எழுத்து சி, ஆனால் சராசரிக்கு மேலே உள்ள 20ஐ விலகல் 20ஆல் வகுத்தால் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 15. அதில் 66 எடுத்தால் எழுத்து பி, இசட் புள்ளி 0.4தான். ஆக அந்த சி, இந்த பியைவிடப் பெரியது. மூன்று பாடத்துக்கும் இப்படித் தனித்தனியே எடுத்து, மூன்றின் சராசரிதான் கடைசியில் வருகிற இசட் புள்ளி.

கேதீஸ்: மாமி, எனக்கு மூன்று ஏ இருந்தும் 1.6தான். கொமர்ஸில் நிறையப் பேருக்கு மூன்று ஏ வந்திருக்கிறது, அதுவா காரணம்?

சுகந்தி: அதுவும்தான் மகன். எல்லோரும் உயரமாக இருக்கிற கூட்டத்தில் நீ எவ்வளவு உயரமாகத் தெரிவாய்? ஆனால் 1.6 குறைவு என்று நினைத்துவிடாதே. யதுஷா பயோ, நீ கொமர்ஸ். அகில இலங்கை நிலையும் மாவட்ட நிலையும் துறைக்குத் துறை தனி. உங்கள் இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஆணைக்குழுவும் வைப்பதில்லை. நாம்தான் வைக்கிறோம்.

சிவம் மாமா: பிள்ளைகளே, இது அந்தக் காலத்துத் தரப்படுத்தல்தானே? பெயரை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சுகந்தி: இல்லை மாமா. நீங்கள் பார்த்தது 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல். தமிழில் எழுதிய பிள்ளைக்கு மருத்துவம், பொறியியலுக்குக் கூடுதல் புள்ளி தேவைப்பட்டது. அந்தக் காயம் எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஆறவில்லை, எனக்கும் அது விளங்கும். இசட் புள்ளியில் எந்த மொழியில் எழுதினாய் என்று பார்ப்பதில்லை. 1974இல் வந்த மாவட்டக் கோட்டாதான் உருமாறி இன்றும் இருக்கிறது. இப்போது பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது.

சிவம் மாமா: அப்படியென்றால் அதே 1.2 கொழும்பில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரியா?

சுகந்தி: அதேதான் மாமா. வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு பாடநெறிக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம், பாடநெறிக்குப் பாடநெறி, வருடத்துக்கு வருடம் வேறு. போன வருடத்து வெட்டுப்புள்ளியை ஒரு மட்டுக்குப் பார்க்கலாம், அதை நம்பி மூட்டை கட்டவும் கூடாது, அதைப் பார்த்துவிட்டு அழவும் கூடாது.

வசந்தி: சுகந்தி, எனக்கு ஒரு பயம். எங்கள் வீடு பெரியநீலாவணை, அது அம்பாறை மாவட்டம். அவள் படித்தது கல்லாற்றுப் பக்கம், அது மட்டக்களப்பு. அவளை எந்த மாவட்டத்தில் போடுவார்கள்?

சுகந்தி: நல்ல கேள்வி அக்கா, எல்லையில் இருக்கிற எங்கள் ஆட்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைக்கு முக்கியம் பரீட்சைக்கு முந்திய 3 வருடமும் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாள் என்பது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கேதானே? அப்படியானால் மட்டக்களப்பு. அதிபரிடம் அந்த உறுதிப்படுத்தலை மட்டும் நேரத்துக்கு வாங்கிவிடுங்கள்.

ரூபி (டொரண்டோ): எங்கள் மூத்தவனுக்கு இங்கே பத்தாம் வகுப்பில் ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் ஒரு வாசிப்பு எழுத்துப் பரீட்சை இருக்கிறது. அது டிப்ளோமாவுக்கு. பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் புள்ளிகளைத்தான் பார்க்கும். மூன்று மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்கிற பாரம் இங்கே இல்லை. அங்கே மழைக்குள் வெள்ளத்துக்குள் போய் எழுதுகிறார்கள்.

சுகந்தி: உண்மைதான் ரூபி. 2024இல் கார்த்திகை வெள்ளத்தில் பரீட்சையையே இடைநிறுத்தினார்கள். கிழக்கில் மாரியும் பரீட்சையும் ஒன்றாக வந்தால் பிள்ளைகள் படுகிற பாடு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முறை பிழைத்ததும் உண்டு. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி போட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2012இல் தனித்தனியே கணிக்கச் சொன்னார்கள். அந்த வருடம் என்னிடம் படித்த பிள்ளைகள் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்ததை நான் மறக்கமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் இருந்தால் விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பியுங்கள், அது பிள்ளையின் உரிமை.

யதுஷா: சின்னம்மா, எல்லாவற்றையும் வாசித்தேன். இப்போதுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 1.2846. பாடங்களோடு எல்லோரும் எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 58.

சுகந்தி: என் தங்கமே. பொதுப் பரீட்சைக்கு 30 போதும், அது முடிந்தது. 1.28க்கு நீ அழுதுகொண்டு படுக்கத் தேவையில்லை. மருத்துவம் கடினம், அதை மறைக்கமாட்டேன். தாதியம், விவசாயம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் பார்ப்போம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாயம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது.

யதுஷா: இரண்டாம் முறை எழுதினால் என்ன என்றும் யோசிக்கிறேன்.

சுகந்தி: எழுதலாம், மூன்று முறை வரை இடமிருக்கிறது. ஆனால் இந்த முறை பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போடாமல் விட்டுவிடாதே. ஓரிடத்தில் பதிந்துவிட்டு மாறுவதற்கு விதிகள் உண்டு, ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை வாசித்துவிட்டு முடிவெடுப்போம். விருப்ப ஒழுங்கில் நீ எழுதாத பாடநெறிக்கு உன்னைக் கூப்பிடமாட்டார்கள், எனக்குத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகள் நான்கைந்தோடு நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

பாலன்: யதுஷா, மாமா முதலில் எழுதியதைப் பெரிதாக எடுக்காதே அம்மா. எனக்கு விளங்காமல் எழுதிவிட்டேன். நாளைக்கு டவுனுக்குப் போகும்போது கைந்நூல் இரண்டு வாங்கி வருகிறேன், உனக்கு ஒன்று, கேதீசுக்கு ஒன்று.

யதுஷா: பரவாயில்லை மாமா. கேதீஸ் மச்சான், வாழ்த்துகள். முதலே சொல்லியிருக்க வேண்டும்.

கேதீஸ்: ஞாயிறு நானும் அங்கே வருகிறேன், சேர்ந்து நிரப்புவோம். எனக்கும் எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை.

வசந்தி: வெளியே வந்துவிட்டாள். புட்டும் மீன் குழம்பும் சூடாக்குகிறேன். சுகந்தி, ஞாயிறு காலையிலேயே வந்துவிடு.