மார்சேய் நகரில் உள்ளூர் மக்கள் செல்லும், கட்டுப்படியான விலையுள்ள பார்கள் எங்கே உள்ளன?

தேவகோட்டையான் (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பழம்பொருள் வியாபாரம் தொடர்பாக வரும் அக்டோபரில் நானும், காரைக்குடியில் கடை வைத்திருக்கும் என் பங்காளி ஒருவரும் பிரான்சின் மார்சேய் துறைமுக நகருக்குச் சென்று சில நாட்கள் தங்கவிருக்கிறோம். பகல் பொழுது சந்தைகளையும் கிடங்குகளையும் பார்ப்பதிலேயே போய்விடும். மாலையில் அந்த ஊர்க்காரர்கள் வேலை முடிந்து கூடுகிற ஒரு சாதாரணப் பாரில் அமர்ந்து, ஆளுக்கு ஒன்றிரண்டு கோப்பை அருந்தி, அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். இணையத்தில் தேடினால், துறைமுகத்தைச் சுற்றிப் படம் எடுப்பதற்கென்றே அலங்கரித்து வைத்த இடங்கள்தாம் மீண்டும் மீண்டும் வருகின்றன.

எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், நல்ல இடத்தை வெளியில் நின்றே கண்டுகொள்வது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரு மாலைக்கு இருபது யூரோவுக்கு மேல் செலவிட மனமில்லை. பங்காளி சைவம், குடிப்பதும் பெயருக்குத்தான். பிரெஞ்சு மொழி இருவருக்கும் தெரியாது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரைத் தவிர வேறு பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே மிக அடிப்படையான முறைகளைச் சொன்னாலும் குறையாக நினைக்க மாட்டேன்.

பள்ளத்தூர்க்காரன்

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம். ஆராய்ச்சிக்காக அந்த ஊரில் வசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உதவித்தொகையில் காலம் தள்ளியதால் விலை விவரம் மனப்பாடம்.

முதலில் இடத்தைவிட இருக்கையைக் கவனியுங்கள். காரைக்குடி ஓட்டல்களில் ஏ.சி. அறைக்குள் போனால் அதே காப்பிக்கு வேறு விலை இருப்பதைப் போல, பிரான்சில் பல பார்களில் கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உள்ளே மேசையில் அமர்ந்தால் ஒரு விலை, தெருவோர இருக்கைக்கு மற்றொரு விலை. விலைப்பட்டியலைக் கடைக்கு வெளியிலும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால், கதவருகே நின்று அதைப் படித்துவிட்டு நடையைக் கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிமாறும் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தனியாக டிப்ஸ் வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் கிடையாது. சில்லறை மிச்சத்தை விட்டுவிட்டு வந்தால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவே.

பீர் கேட்கும்போது "தெமி" என்று சொன்னால் குழாயிலிருந்து பிடித்த பீர் 25 சென்டிலிட்டர் வரும். அளவைச் சொல்லாமல் பொதுவாக "பீர்" என்று சுற்றுலாப் பகுதியில் கேட்டால், 50 சென்டிலிட்டர் கோப்பையைக் கொண்டுவந்து வைத்து, அதற்குரிய விலையைப் போட்டுவிடுகிற இடங்கள் உண்டு. சாதாரணப் பேட்டைகளில் தெமி மூன்று, நான்கு யூரோவுக்குள் முடிந்துவிடும். துறைமுக விளிம்பில் இருக்கிற இருக்கைகளில் பெரிய கோப்பை ஏழு, எட்டு யூரோவைத் தொடும். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கே உட்காரக் கூடாது என்பது தானாகவே விளங்கும்.

பகுதி என்று கேட்டால், லா ப்ளேன் என்று ஊரார் அழைக்கும் ழான் ழோரேஸ் சதுக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் நோத்ர் தாம் து மோன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அங்கே சந்தை கூடும். 2018-இல் தொடங்கிய புனரமைப்பை எதிர்த்துக் குடியிருப்போர் பெரிய போராட்டமே நடத்தினார்கள். அச்சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் "ஓ பெத்தி நீஸ்" மலிவான பீருக்குப் பெயர் பெற்றது. பக்கத்திலேயே, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய கூர் ழூலியான் பகுதி இருக்கிறது. இளைஞர் கூட்டம் அதிகம், விலையும் ஓரளவு கூடுதல்.

உள்ளே நுழைந்ததும் பாருக்குள் இருப்பவர்களைப் பார்த்து "போன்ழூர்" என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். மாலையானால் "போன்சுவார்". இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் நேரடியாக ஆர்டர் கொடுத்தால், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

புதுவயல் மாலுமி

தம்பி பள்ளத்தூர்க்காரன் சொன்ன விலைக் கணக்கெல்லாம் சரி. ஆனால் லா ப்ளேனை முதலில் சொன்னதை ஏற்க இயலவில்லை. அது மாணவர்களின் உலகம். தேவகோட்டையார் கேட்பதோ, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் பாரை.

கப்பல் வேலையில் அந்தத் துறைமுகத்தைப் பலகாலம் பார்த்தவன் என்பதால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துகிறேன். "வியூ போர்" எனப்படும் பழைய துறைமுகத்தில் மாலுமிகளின் பாரைத் தேடுவது வீண். சரக்குக் கப்பல் போக்குவரத்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வடக்கே ழோலியெத் துறைக்கு நகரத் தொடங்கிவிட்டது; சைகோனில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நம் நகரத்தார் காலத்தில் அந்த ஊருக்குச் சென்ற மெசாழெரி மாரித்தீம் கப்பல்களும் ழோலியெத்திலிருந்து புறப்பட்டவைதாம். பிற்காலத்தில் பெரும் சரக்குகள் மேற்கே ஃபோஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டன. இன்று பழைய துறைமுகத்தில் நிற்பவை பெரும்பாலும் சொகுசுப் படகுகள். தவிரவும், அதன் வடகரையில் இருந்த பழைய குடியிருப்பை 1943-இல் ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்; இப்போது அங்கே வரிசையாகத் தெரிவன போருக்குப் பின்பு எழுந்த கட்டடங்கள். பலகையில் எத்தனை பழமை எழுதியிருந்தாலும் அந்தக் கரையில் உள்ள கடைக்கு நூறாண்டு வயது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தகர்ப்புக்குத் தப்பியது அதற்கு மேலே மேட்டில் உள்ள பானியே பகுதி. அங்கே "பார் தே த்ரேஸ் குவான்" என்ற பழைய பார் இருக்கிறது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த பாருக்கு அதுதான் முன்மாதிரி என்று சொல்லப்படுவதால் வெளியாட்களும் வருகிறார்கள்; ஒரு முறை போய்ப் பார்க்கலாம், தினமும் போக வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது, பெயர் தேடாமல் அடையாளம் தேடுவதை. சிவப்புச் சாய்சதுரப் பலகை தொங்கினால் அது புகையிலைக் கடையும் பாரும் சேர்ந்த இடம். "பே எம் ஊ" (PMU) என்ற பச்சை நிற அடையாளம் இருந்தால் குதிரைப் பந்தயச் சீட்டு விற்கும் பார். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் முதியவர்கள், எல்லாருடைய கண்ணும் தொலைக்காட்சியில். சுவரில் ஒலிம்பிக் தெ மார்சேய் அணியின் வெள்ளை நீலத் துண்டு தொங்கும். பட்டியல் ஆங்கிலத்தில் இல்லாமல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தால் தயங்காமல் நுழையலாம். எந்தூம், லா பெல் தெ மே போன்ற குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய இடங்கள் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இவை விடிகாலையிலேயே காப்பிக்காகத் திறந்து, இரவு எட்டு ஒன்பது மணிக்குள் மூடிவிடுகிற கடைகள். பத்து மணிக்கு மேல் தேடிப் போனால் கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு மணிக்குப் போய்விடுங்கள்.

அங்கே போய் பீர் குடிப்பதைவிட பாஸ்திஸ் குடிப்பதே முறை. அப்சிந்த் என்ற மதுவை 1915-இல் பிரான்ஸ் தடை செய்த பின்பு அந்த இடத்தைப் பிடித்த பானம் இது. பால் ரிக்கார் 1932-இல் மார்சேயில்தான் தம் பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் குருமாவில் போடுகிற அன்னாசிப்பூவும், அதிமதுரமும்தான் இதன் மணத்துக்கு ஆதாரம். பார்க்காரர் நீளக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு சென்டிலிட்டர் ஊற்றி, பக்கத்தில் ஒரு குடுவை குளிர்ந்த நீரையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் மது, நீர் பட்ட இடத்திலிருந்து புகை பரவுவதுபோல் கலங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோர் நிறத்துக்கு வந்துவிடும். ஒன்றுக்கு ஐந்து பங்கு நீர் என்பது வழக்கமான அளவு. நீரை ஊற்றிய பிறகே பனிக்கட்டியைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அன்னாசிப்பூ எண்ணெய் குளிரில் உறைந்து மேலே செதில் செதிலாக மிதக்கும். மது 45 விழுக்காடு வலிமையானது என்றாலும் இத்தனை நீர் சேர்வதால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். பேட்டைப் பாரில் ஏறத்தாழ மூன்று யூரோ. உங்கள் இருபது யூரோ தாராளமாகப் போதும்.

கானாடுகாத்தான் ஆச்சி

மேலே எழுதிய இருவரும் குடிக்கிறவர்களின் கணக்கையே எழுதியிருப்பதால், "குடிப்பதும் பெயருக்குத்தான்" என்று சொன்ன பங்காளிக்காக நான் எழுதுகிறேன். என் மகள் குடும்பம் அங்கே இருந்தபோது அவர்களுடன் தங்கியிருந்தேன். ஒரு சொட்டு மது தொடாமல் பார்களில் பொழுது போக்கியிருக்கிறேன், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற குடும்பங்களும் உண்டு. உள்ளே புகை பிடிக்க 2008 முதல் தடை இருப்பதால் மூச்சு முட்டாது. தெருவோர இருக்கையில்தான் சிகரெட் நெடி.

பங்காளி "மான்த் ஆ லோ" கேட்கட்டும். பச்சைப் பசேலென்ற புதினாச் சர்பத்தில் நீர் கலந்து தருவார்கள். பாதாம் மணமுள்ள ஓர்ழா சர்பத் இன்னும் நன்றாக இருக்கும். அதையே பாஸ்திஸில் கலந்து மோரெஸ்க் என்று மற்றவர்கள் குடிப்பார்கள். குறிப்பிட்ட மணி நேரத்தில் மதுவுக்கு விலை குறைக்கும் கடை, மது இல்லாத பானங்களுக்கும் விலை குறைக்க வேண்டும் என்று 2009-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பலகையில் மதுவுக்கு மட்டும் சலுகை எழுதியிருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.

சைவ உணவுக்கு பானிஸ்தான் கைகொடுக்கும். கொண்டைக்கடலை மாவை நீரில் கிண்டிக் கெட்டியாக்கி, உருளையாக ஆறவைத்து, வில்லைகளாக நறுக்கிப் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே களி போன்ற மென்மை. உப்பும் மிளகும் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும். லெஸ்தாக் என்ற மீனவர் குடியிருப்பு இதற்குப் பேர்போன இடம். ழோலியெத்திலிருந்து 35-ஆம் எண் பேருந்து போகிறது. அதே எண்ணெயில் மீன், கணவாய் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; நான் கேட்ட இடங்களில் மறைக்காமல் சொன்னார்கள். பார்களில் சில சமயம் மதுவோடு ஆலிவ் காய் ஒரு கிண்ணம் இலவசமாக வைப்பார்கள். அதை நம்பி வயிற்றைக் காயப்போடக் கூடாது.

தேவகோட்டையான்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆச்சியின் பதிலைப் பங்காளியிடம் படித்துக் காட்டினேன். பயணத்துக்கு முழு மனதோடு ஒப்புக்கொண்டார். இரண்டு ஐயங்கள் மிச்சம் உள்ளன. பேச்சுக் கொடுத்த உள்ளூர்க்காரர் ஒருவர் நமக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வது? பணத்தை ஒவ்வொரு கோப்பைக்கும் உடனே கொடுக்க வேண்டுமா, அட்டை செல்லுமா?

புதுவயல் மாலுமி

ஒருவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை நீங்கள் வாங்க வேண்டும். அது எழுதாத சட்டம். ஐந்து பேர் வட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஐந்து சுற்று ஓடும். இருபது யூரோவும் போய்விடும், நிதானமும் போய்விடும். இரண்டு பேர் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வதும், உங்கள் முறை முடிந்ததும் கைகுலுக்கி விடைபெறுவதும் நல்லது. பங்காளி தம் முறைக்குச் சர்பத் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நொவாய் பக்கம் போவீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். அங்குள்ள ஒபாஞ் தெருவில் 2018 நவம்பர் 5 அன்று கட்டடங்கள் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஊர் இன்னும் அதை மறக்கவில்லை. அந்த இடத்தில் நின்று படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்

மாலுமி அண்ணன் என் லா ப்ளேனை மாணவர் உலகம் என்று தள்ளிவிட்டார். சந்தை நாளில் காலை பதினொரு மணிக்கு அங்கே போனால் காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம், அவர்களில் மாணவர் யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பணம் குறித்து: மேசையில் அமர்ந்தால் பெரும்பாலும் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாம், ரசீதைச் சிறு தட்டில் வைத்துவிடுவார்கள், கோப்பைகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை என்று சிறிய பார்களில் எழுதி ஒட்டியிருப்பார்கள் என்பதால், ஐந்து, பத்து யூரோத் தாள்களும் சில்லறையும் பையில் இருக்கட்டும். பல பேருந்துத் தடங்கள் இரவு ஒன்பது மணியளவில் நின்றுவிடுவதால், லெஸ்தாக் போகிற நாளில் திரும்பும் வண்டியின் நேரத்தை நிறுத்தத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் அணிக்கு ஆட்டம் இருக்கும் மாலையில், மைதானம் உள்ள பிராதோ பக்கம் நிற்க இடம் கிடைக்காது. அன்று எந்தூம் பக்கம் போய்விட்டால், கூட்டத்தில் சிக்காமல் பாரில் உள்ள தொலைக்காட்சியிலேயே ஆட்டத்தையும் பார்த்துவிடலாம்.