கலைச்சொல் விவாதம்: கிருமியை விழுங்கத் தக்கதாக்கும் பூச்சுக்கு என்ன பெயர்?

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டிய கையேடு ஒன்று, ஒரே ஒரு சொல்லுக்காக என் மேசையில் காத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் தாமான் என்னும் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். கோயில் மண்டபத்தில் நடக்கவிருக்கும் நலக் கண்காட்சிக்காக, நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமியை எப்படிப் பிடித்து விழுங்குகின்றன என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்களும் அவர்களுடைய பாட்டிமாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி 16 பக்கங்களில் எழுதியிருக்கிறேன்.

சிக்கல் நான்காம் படத்தில் இருக்கிறது. அதில் இருப்பது நியூமோக்காக்கஸ் என்னும் கிருமி. அதைச் சுற்றிலும் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழுவழுப்பான உறை இருப்பதால், வெள்ளணு அதை நெருங்கினாலும் பற்ற முடிவதில்லை. உடல் அந்த உறையை முன்பே அறிந்திருந்தால், நோயினாலோ தடுப்பூசியினாலோ, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் குருதியிலிருந்து வந்து அதன் மேல் படிகின்றன. எதிர்ப்பொருளின் இரு கைகள் உறையைப் பற்றிக்கொள்ள, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் வெள்ளணுவின் மேலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஒரு வால், அடுத்த வால், அதற்கடுத்த வால் என்று பற்றிக்கொண்டே போய், சட்டையின் ஜிப்பை இழுத்து மூடுவதைப் போல வெள்ளணு தன் சவ்வால் கிருமியை முழுதாக மூடிவிடுகிறது.

இந்தப் பூச்சு வேலையை ஒப்சனைசேஷன் என்றும், பூசப்படும் பொருளை ஒப்சனின் என்றும் அறிவியலார் அழைக்கிறார்கள். 2020இல் பிறந்த குழந்தைகள் முதல் நம் மலேசிய நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் நியூமோக்காக்கஸ் ஊசி சேர்ந்திருப்பதால், அந்த ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது என்று தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் ‘ஒப்சனைசேஷன் செய்கிறது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழ் விரிவுரையாளர், தஞ்சோங் மாலிம்:

அன்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஒரு சொல்லைத் தமிழாக்குமுன் அதை ஆக்கியவர்கள் எதை நினைத்து ஆக்கினார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. 1903ஆம் ஆண்டு லண்டனில் ஆல்ம்ரோத் ரைட், ஸ்டூவர்ட் டக்ளஸ் என்னும் இருவர் இந்தச் சொல்லைப் படைத்தார்கள். கிரேக்கத்தில் ‘ஒப்சோன்’ என்றால், ரொட்டியோடு சேர்த்துத் தின்ன வைத்துக்கொள்ளும் மீன், பாலாடைக்கட்டி போன்ற பக்க உணவு. அதற்கு நேரான சொல் தமிழரின் வாயில் இருக்கிறது. ‘சோறு ஆகிவிட்டது, வெஞ்சனம் என்ன?’ என்று தோட்டத்து லயவீட்டு வாசலில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருப்பீர்கள். ஆகவே ஒப்சனின் என்பது வெஞ்சனம். அந்தச் செயல் வெஞ்சனமேற்றல்.

இதைச் சொன்னதும் வடசொல் என்று மறுப்பு எழும் என்பதை அறிவேன். வெஞ்சனம் என்பது வியஞ்சனத்தின் தமிழ் வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வேரைத் தோண்டிப் பாருங்கள். ‘அஞ்ச்’ என்னும் வடமொழி வினைக்குப் பூசுதல் என்று பொருள். கண்ணுக்கு இடும் அஞ்சனம் அதிலிருந்தே வந்தது. வியஞ்சனம் என்பதற்கோ தொடுகறி என்றும், ஒன்றை வெளிப்படுத்திக் காட்டும் அடையாளம் என்றும் பொருள்கள் உண்டு. எதிர்ப்பொருள் கிருமியின் மேல் செய்வன இம்மூன்றுமே: அது பூச்சாகிறது, அடையாளமாகிறது, உண்பதற்குத் துணையாகிறது. கிரேக்கச் சொல்லில்கூட இவ்வளவு பொருத்தம் இல்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று தொல்காப்பியரே வழி திறந்து வைத்திருக்கிறார். வடவெழுத்தை முற்றிலும் உதறிவிட்டுத் தமிழ் எழுத்தை உடுத்திக்கொண்ட சொல்லை, இனியும் வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை.

தனித்தமிழ் ஆர்வலர், கிள்ளான்:

ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் தொல்காப்பியர் தந்தது இசைவு. அதைக் கட்டளையாகக் கொள்ள வேண்டியதில்லை. தமிழில் சொல் இல்லாதபோது கடன் வாங்கலாம். இங்கே தொடுகறி என்ற சொல் இருக்கிறதே! ஐயாவே தம் விளக்கத்தில் வியஞ்சனத்துக்கு அதைத்தான் பொருளாக எழுதியிருக்கிறார். ‘தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?’ என்று கேட்காத தமிழ் வீடு உண்டா?

தொடு என்னும் வேரில் இன்னொரு வளமும் உண்டு. தொட்டான் என்றால் தீண்டினான். தொடுத்தான் என்றால் இணைத்தான். எதிர்ப்பொருள் கிருமியைத் தொட்டு, அதை வெள்ளணுவோடு தொடுக்கிறது. ஆகவே பொருளுக்குத் தொடுப்பி என்றும், செயலுக்குத் தொடுப்பு என்றும் பெயர் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

இத்தோடு மற்றொரு வேண்டுகோளும் உண்டு. கையேட்டில் ‘வெள்ளணு’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அணு என்பது பிளக்கவொண்ணாத சிறுதுகளுக்கு உரிய பெயர். இலங்கைப் பாடநூல்கள் விழுங்கும் வெள்ளணுவைத் தின்குழியம் என்கின்றன. 1883இல் மெச்னிக்கோவ் தாம் கண்ட ‘தின்னும் உயிரணு’வுக்குப் பெயர் தேடி வியன்னாவில் கார்ல் கிளாவுஸ் என்னும் விலங்கியலாளரிடம் போனபோது, அவர் கிரேக்கத்தில் ‘ஃபாகோசைட்’ என்று ஆக்கிக் கொடுத்தார். முற்பாதிக்குத் தின்னுதல் என்று பொருள், பிற்பாதிக்கு உட்குழிந்த கலம் என்று பொருள். தின்குழியம் இரண்டையும் அப்படியே தாங்கி நிற்கும் வினைத்தொகை. தின்ற, தின்கின்ற, தின்னும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தி வருவது அதன் தனி அழகு.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், தாப்பா:

சுருக்கமாக ஒன்று. தொடுப்பு என்ற சொல்லை வகுப்பில் என்னால் உச்சரிக்க முடியாது. பேச்சுவழக்கில் அதற்கு என்ன பொருள் என்பது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கோயில் மண்டபத்தில் பாட்டிமார் முன்னால் அதை அச்சிட்டு வைப்பதை நினைத்துப் பாருங்கள், ஐயா. தின்குழியம் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நம் பிள்ளைகள் பாடத்தில் உயிரணு என்றும் வெள்ளணு என்றும் படித்துப் பழகியிருக்க, ஒரே கையேட்டில் இரண்டு புதுச்சொற்களைத் திணித்தால் எதுவும் மனத்தில் நிற்காது.

மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், ஈப்போ:

அனைவருக்கும் வணக்கம். நாள் முழுதும் குருதிப் படலத்தைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிற வேலை என்னுடையது. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால் சொல் எந்தச் செயலைக் குறிக்க வேண்டும் என்பதில் சில எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் விவாதம் எளிதாகும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, இந்தப் பூச்சு எதன் மேல் வேலை செய்கிறது என்பது. ரைட்டும் டக்ளஸும் வெள்ளணுக்களைத் தனியே கழுவி எடுத்து, குருதிநீர் இன்றியும் குருதிநீரோடும் கிருமியைச் சேர்த்து, ஒவ்வொரு வெள்ளணுவுக்குள்ளும் எத்தனை கிருமிகள் போயிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். குருதிநீர் வெள்ளணுவுக்குப் பசியைத் தூண்டவில்லை, கிருமியைத்தான் மாற்றுகிறது என்பதே அவர்கள் கண்டது. ஆகவே வெள்ளணுவை ஊக்குவித்தல், முடுக்குதல் என்ற பொருள் தரும் எந்தச் சொல்லும் பிழையாகிவிடும்.

இரண்டாவது, எதிர்ப்பொருள் மட்டுமே ஒப்சனின் அன்று. உடல் முன்பின் பார்த்திராத கிருமியின் மேலும் குருதியிலுள்ள நிரப்புப் புரதங்கள் படியும். அவற்றில் சி3பி என்னும் துண்டு கிருமியின் பரப்பில் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ள, வெள்ளணு அதையும் அடையாளம் கண்டு பற்றும். எனவே ‘எதிர்ப்பொருட்பூச்சு’ என்ற சொல் போதாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். அழித்தல், கொல்லுதல் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் நுழையக் கூடாது. விழுங்கப்பட்ட கிருமி ஒரு பைக்குள் அடைபடுகிறது; செரிமானப் பொருள்கள் நிறைந்த இன்னொரு பை அதனோடு கலந்து, உள்ளே புளிப்பு ஏறிய பிறகுதான் கிருமி சாகிறது. காசநோய்க் கிருமி அந்த இரண்டு பைகளையும் கலக்க விடாமல் தடுத்து உள்ளேயே குடியிருக்கும். டிங்கியில் நிலைமை இன்னும் மோசம். டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோய்ப்பட்டவரை வேறு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸின் மேல் படியும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யப் போதாது. அந்த எதிர்ப்பொருளின் வாலைப் பற்றி வெள்ளணு வைரஸை உள்ளே இழுக்க, வைரஸ் அங்கேயே பெருகுகிறது. பால்மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கு என்னும் கிண்ணத்தில் தேங்கிய மழைநீரில் கொசு முட்டையிடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நாம் எழுதுகிறோம். பூச்சு எப்போதும் காப்பாற்றும் என்று அவர்களை நம்ப வைக்கும் சொல் வேண்டாம்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:

ஆய்வுக்கூட நண்பருக்கு மிக்க நன்றி. உங்கள் மூன்று எல்லைகளையும் படித்தபோது, என் பாட்டி மீன் ஆய்ந்த காட்சி நினைவுக்கு வந்தது. தோட்டத்துக் கால்வாயில் மாமா பிடித்து வரும் கெளுத்தியைப் பாட்டி வெறுங்கையால் தொடமாட்டார். வழுவழுவென்று கையை விட்டுத் துள்ளிப் போகும். அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பலை அள்ளி மீனின் மேல் நன்றாகப் பிரட்டிவிட்டுத்தான் பிடிப்பார். அதன் பிறகு மீன் நழுவாது. சாம்பல் மீனைக் கொல்லவில்லை. பாட்டியின் கைக்கு வலுவும் ஊட்டவில்லை. மீனுக்குப் பிடிமானம் வந்தது, அவ்வளவுதான். உறை போர்த்த நியூமோக்காக்கஸுக்கு நேர்வதும் இதுவே.

ஆகவே பிடியூட்டல், பிடியூட்டி என்று வைக்கலாமா? நிறமூட்டி, மணமூட்டி, சுவையூட்டி என்னும் வார்ப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெஞ்சனத்தை விடுவதில் விரிவுரையாளர் ஐயாவுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் ஊட்டுதல் என்பதில் உணவு இருக்கிறது. ‘ஒரு பிடி சோறு’ என்பதில் பிடியும் இருக்கிறது. கிரேக்கர் நினைத்த சாப்பாட்டு நினைவு முற்றிலும் போய்விடவில்லை.

ஓய்வு பெற்ற தமிழ் விரிவுரையாளர், தஞ்சோங் மாலிம்:

சாம்பல் உவமை அருமை, அம்மா. கையேட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஆனால் நீங்கள் சிறப்பென்று காட்டிய இடத்திலேயே எனக்குத் தடை இருக்கிறது. ஊட்டு என்பது பிறவினை. ‘குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்’ என்பதில் உண்பது குழந்தை. ‘கிருமிக்குப் பிடியூட்டல்’ என்று எழுதினால், நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் கிருமியே உண்பதாகப் படிப்பவர் கொள்வார். நிறமூட்டியில் இந்த மயக்கம் இல்லை, ஏனெனில் நிறத்தை யாரும் உண்பதில்லை. பிடியைப் பிடிசோறாகவும் கொள்ளலாம் என்று நீங்களே சொன்ன பிறகு, மயக்கம் இன்னும் வலுக்கிறது. வெஞ்சனத்தில் உண்பவன் யார், உண்ணப்படுவது எது என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

தனித்தமிழ் ஆர்வலர், கிள்ளான்:

தொடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாப்பா ஆசிரியர் சொன்ன காரணம் போதும். தொடுகறியைக் கைவிடவில்லை. பிடியூட்டல், வெஞ்சனம் என்னும் இரண்டில் ஒன்றுதான் என்றால் என் வாக்கு பிடியூட்டலுக்கே. உருபு மயக்கம் எல்லாச் சொல்லிலும் முதலில் இருப்பதுதான். வழக்கு அதைத் தீர்த்துவிடும்.

மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், ஈப்போ:

எனக்குப் பிடியூட்டி சம்மதம். பொருளின் பெயராக அது நன்றாக நிற்கிறது. செயலின் பெயரைப் பிள்ளைகளிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:

இன்று காலை படித்துக் காட்டினேன். ‘எதிர்ப்பொருள்கள் கிருமிக்குப் பிடியூட்டுகின்றன’ என்ற வரியைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பையன், ‘கிருமிக்கு எதுக்கு டீச்சர் ஊட்டணும்?’ என்று கேட்டான். விரிவுரையாளர் ஐயா சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அதே வரியை ‘எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேல் பிடிமானப் பூச்சு ஆகின்றன’ என்று மாற்றிப் படித்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெண், கையில் இல்லாத மீனைச் சாம்பலில் பிரட்டிக் காட்டினாள்.

எனவே செயலுக்குப் பிடிமானப் பூச்சு என்றும், பூசப்படும் பொருளுக்குப் பிடியூட்டி என்றும் இந்தப் பதிப்பில் அச்சிடுகிறேன். ஒரே வேரிலிருந்து இரண்டையும் வருவிக்க முடியாமல் போனது எனக்கே நிறைவாக இல்லை. தாப்பா ஆசிரியரும் தனி மடலில் அதையே குறையாகச் சொன்னார். டிங்கியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். வெள்ளணு வெள்ளணுவாகவே இருக்கிறது.

ஓய்வு பெற்ற தமிழ் விரிவுரையாளர், தஞ்சோங் மாலிம்:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன், அம்மா. ஆனால் பூச்சு என்ற சொல் அந்தக் கிருமி உண்ணப்படப் போகிறது என்பதைச் சொல்லவில்லை, பிடிமானமும் சொல்லவில்லை. 1903இல் ஆக்கியவர்கள் சொல்ல நினைத்ததே அதுதான். கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தால், ‘இதை வெஞ்சனமேற்றல் என்றும் வழங்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்க இயலுமா?

தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:

16ஆம் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, ஐயா. ஒன்றில் வெஞ்சனமேற்றலையும், மற்றொன்றில் கிள்ளான் நண்பரின் தொடுகறியையும் சேர்த்து, நாளை காலை அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.