ஃபேன் மெதுவாக ஓடுகிறது, தேடப் போனால் வேறு வீடியோவில் போய் நிற்கிறேன்: உதவி தேவை

கேள்வி:
48 அங்குல சீலிங் ஃபேன், பழைய ரகம், ரிமோட் கிடையாது. ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் 2-ல் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. நானே சரிசெய்யலாம் என்று "ஃபேன் ஸ்லோ" எனத் தேடினால் முதலில் வருவதே 18 நிமிட வீடியோ. அது முடியுமுன் பக்கத்தில் வரும் மிக்சி, இன்வெர்ட்டர், கிணறு தூர்வாருவது என்று கை போய்விடுகிறது. மூன்று ராத்திரி போயிற்று, ஃபேன் அப்படியேதான் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்?

பதில் 1:
போனை வைத்துவிட்டு முதலில் ஃபேனைப் பாருங்கள். "ஸ்லோ" என்பதற்கு நாலைந்து காரணம் உண்டு. அந்த ஒரு சொல்லைப் போட்டால் எல்லாக் காரணத்துக்குமான வீடியோவும் கொட்டத்தான் செய்யும், நடுவே கிணறும் வரும்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு றெக்கையைக் கையால் தள்ளிவிடுங்கள். நாலைந்து சுற்று வழுக்கிக்கொண்டு போய் நின்றால் பேரிங் (மோட்டார் தடையில்லாமல் சுழல உதவும் குண்டு வளையம்) நன்றாக இருக்கிறது. கரகரவென்று உடனே நின்றால் பேரிங்தான் பிரச்சினை. அப்போது தேட வேண்டியது பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை, 6202 என்பது மாதிரி.

அடுத்து ரெகுலேட்டர். பெரும்பாலான ஸ்டெப் ரெகுலேட்டர்களில் கடைசி எண்ணில் கரண்ட் நேராக ஃபேனுக்குப் போய்விடும். 5-ல் வேகம் சரியாக இருந்து 2, 3-ல் மட்டும் சொதப்பினால் கோளாறு ரெகுலேட்டரில். உங்களுக்கு 5-லேயே மெதுவாக இருக்கிறது. பேரிங்கும் சரி, வீட்டில் வோல்டேஜும் குறையவில்லை என்றால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கன்டென்சர், அதாவது மோட்டார் சுற்றத் தொடங்கவும் வேகமெடுக்கவும் உதவும் சின்னப் பெட்டி.

அது ஒரேயடியாகப் போகாது. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால் அதைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகித் தன்னையே காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு குறைகிறது, கன்டென்சரின் மதிப்பும் (மைக்ரோ ஃபாரட் கணக்கில் சொல்லும் கொள்ளளவு) அதோடு இறங்குகிறது. அதனால்தான் ஃபேன் நாளாக ஆக மெல்ல மெல்ல வேகம் குறைந்து வரும். முழுக்கப் போய்விட்டால் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும், குச்சியால் தள்ளினால் தள்ளிய பக்கம் சுற்றும்.

இனி தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: கன்டென்சர் மேல் அச்சடித்திருக்கும் எண். பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏசி.

பதில் 2:
மேலே சொன்னது சரி. தேடும் பக்கத்துக்கு இரண்டு விஷயம். நாம் கன்டென்சர் என்போம், பலர் கெப்பாசிட்டர் என்று தலைப்பு வைத்திருப்பார்கள். இரண்டு சொல்லையும் போட்டுப் பாருங்கள்.

வீடியோவை முழுதாகப் பார்க்காதீர்கள். யூடியூபில் ஓரளவு நிறையப் பேர் பார்த்த வீடியோ என்றால், அடியில் இருக்கும் ஓட்டக் கோட்டின் மேல் சாம்பல் நிறத்தில் மேடு தெரியும். அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் அது. ஒயர் மாட்டும் காட்சி அநேகமாக அங்கேதான் இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் விளக்கப் பகுதியை விரித்து, பேச்சின் எழுத்து வடிவத்தைத் திறந்து, "கன்டென்சர்" என்று தேடி அந்த வரியைத் தட்டலாம். அந்த நிமிடத்துக்கே போய்விடும். ஒயர் தெரியும் இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைப்பது எல்லாரும் சொல்வதுதான், ஆனால் பக்கத்தில் வரும் படங்களை அது தடுக்காது. பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் ஏறக்குறைய காலியாகிவிடும். இதுதான் கூடுதல் பலன் தரும்.

பதில் 3:
என்னைக் கேட்டால் வரலாறு, ஆட்டோபிளே எல்லாம் சுற்றுவழி. ஏணிமேல் நிற்கும்போது கையில் போனே இருக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து மூன்று வரி காகிதத்தில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். போன் வேண்டியே தீரும் என்றால் ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐஃபோனில் கைடட் அக்சஸ் என்று இருக்கிறது. திரையை ஒரே ஆப்பில் பூட்டிவிடும். கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து பூட்டுங்கள், யூடியூபில் பூட்டிப் புண்ணியமில்லை.

பதில் 1 (மீண்டும்):
மாட்டும் முறையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், வீடியோ தேவைப்படாது.

மெயினை அணையுங்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் நம்பக் கூடாது. சில இடத்தில் ஸ்விட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில்) போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் இருக்கும். முதலில் டெஸ்டரை வேலை செய்யும் பிளக்கில் வைத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் மெயினை அணைத்து ஃபேன் ஒயரில் வையுங்கள்.

கன்டென்சர், ஃபேன் கம்பியில் இருக்கும் மேல் கப்புக்குள்ளோ அடி மூடிக்குள்ளோ இருக்கும். கழற்றுமுன் ஒயர் நிறம் தெரிய ஒரு போட்டோ. மோட்டாருடன் இணைந்திருக்கும்வரை அதன் சார்ஜ் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) வழியாகவே இறங்கிவிடும். ஒயர் அறுந்து தனியாகத் தொங்கினால்தான் ஷாக் அடிக்க வாய்ப்பு. எதற்கும் பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிடுங்கள்.

மல்ட்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் வசதி இருந்தால் ஒரு முனையையாவது கழற்றிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் காயிலும் சேர்ந்து அளவு தப்பாக வரும். அச்சில் 2.5 என்று போட்டு ±5% என்றிருந்தால் 2.375-க்குக் கீழே வரக் கூடாது. 2-க்குக் கீழே என்றால் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

புதியது அதே மதிப்பில் இருக்கட்டும். 3.15 போட்டால் வேகம் கூடும் என்று சில வீடியோவில் சொல்வார்கள். கன்டென்சரோடு சேர்ந்த ஸ்டார்ட் காயிலில் கரண்ட் கூடிச் சூடேறும், நாளடைவில் இன்சுலேஷன் கருகும். கன்டென்சருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, இரண்டு ஒயரையும் எப்படி மாட்டினாலும் ஒன்றுதான்.

ஒயர் குழம்பிவிட்டால்: மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயரில் இரண்டிரண்டாக ஓம்ஸ் (மின்தடை) அளந்து பாருங்கள். எந்த ஜோடியில் அதிகம் காட்டுகிறதோ அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கன்டென்சர். மிச்சமிருக்கும் ஒயர் பொது முனை, அதற்கு நியூட்ரல். கன்டென்சரின் எந்தப் பக்கம் கரண்ட் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத் திசை மாறும். தலைகீழாகச் சுற்றினால் அந்தக் கரண்ட் ஒயரை மறுமுனைக்கு மாற்றினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
றெக்கை நன்றாக வழுக்குகிறது. கன்டென்சரில் 2.5 என்று இருக்கிறது, மீட்டர் 1.6 காட்டுகிறது. மாற்றிவிட்டேன், 5-ல் வேகம் வந்துவிட்டது. ஆனால் 1-ல் வைத்தால் இப்போது நின்றே போகிறது.

பதில் 1:
5 சரி, 1 மட்டும் கோளாறு என்றால் இனி ஃபேனைத் தொட வேண்டாம். ரெகுலேட்டருக்குள்ளும் சின்னக் கன்டென்சர்கள் இருக்கின்றன, அதே மாதிரி தேய்ந்திருக்கும். அதைப் பிரித்து அவற்றைத் தனித்தனியாக மாற்றுவது வீண் வேலை. அதே வாட்ஸ் அளவுள்ள புது ஸ்டெப் ரெகுலேட்டராகவே போட்டுவிடுங்கள். இரண்டே ஒயர்தான், இதற்கு எதையும் தேட வேண்டியதில்லை.