ஹெரால்டு கார் கதவு: மேலே இடிக்கிறது, கீழே பென்சில் ஓடுகிறது. என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் ஹெரால்டு
அப்பா ஓட்டிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 2011 தானே புயலில் ஷெட்டின் மேல் தென்னை சாய்ந்ததிலிருந்து வீட்டுப் பின்புறம் அப்படியே கிடந்தது. இரண்டு வருடமாகக் காசு சேரச் சேர வேலை செய்கிறேன். பாடியைத் தூக்கி, அடிச்சட்டமான சேஸைச் சுரண்டி, அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும், உப்புக்காற்றில் அரித்துப்போன கைகளை வெட்டிப் புதிதாக வெல்டு வைத்து, பாடியைத் திரும்ப உட்கார வைத்தாயிற்று. எஞ்சின் அதே 948 சிசிதான், இன்னும் ஏற்றவில்லை.

இப்போது டிரைவர் பக்கக் கதவு தகராறு. பின் விளிம்பில் மேலே 2 மி.மீ. இடைவெளி, கீழே 9. வேகமாகச் சாத்தினால் மேல் மூலை பில்லரில் (கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண்) இடிக்கிறது. இங்கே ஒரு டிங்கர், "மேலே கிரைண்டர் விட்டுடலாம், கீழே பட்டி போட்டுக்கலாம்" என்கிறார். அடுத்த வாரம் பெயிண்டர் வருகிறார். செய்யலாமா?

செம்மண்டலம்
கதவுக் கீலின் ஊசி (பின்) தேய்ந்திருக்கும். மாற்றுங்கள், சரியாகிவிடும்.

புதுவை பழைய டிங்கர்
தம்பி, முதலில் அந்தக் கிரைண்டரைப் பிடுங்கி வை. மூன்று கேள்வி. கதவைத் திறந்து பின் விளிம்பைக் கையால் தூக்கினால் கீலில் ஆட்டம் தெரிகிறதா? வண்டி இப்போது எதன் மேல் நிற்கிறது? பாடிக்கும் சேஸுக்கும் நடுவே என்ன வைத்தாய்?

மஞ்சக்குப்பம் ஹெரால்டு
துளி ஆட்டம் இல்லை அண்ணே. போன வருடமே கீல் ஊசியை மாற்றிவிட்டேன். வண்டி சேஸின் இரண்டு முனையிலும் ஸ்டாண்டு கொடுத்து நிற்கிறது. பழைய ரப்பர் தூளாகிவிட்டதால் லாரி டயரில் வெட்டி, எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் போட்டேன். கழற்றும்போது சில இடங்களில் இரும்புத் தகடுகளும் வந்தன. எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. டப்பாவில் கிடக்கின்றன.

புதுவை பழைய டிங்கர்
அந்த டப்பாவில்தான் உன் கதவு இருக்கிறது.

1959இல் இங்கிலாந்தில் இந்த வண்டி டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தபோது மற்ற சின்ன கார்களெல்லாம் தனி சேஸை விட்டு, பாடியும் சேஸும் சேர்ந்த ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. டிரையம்ஃபுக்குப் பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரர் வாங்கிவிட்டார். அதனால் பாடியைத் துண்டு துண்டாக அடித்து, தனி சேஸ் மேல் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. தொல்லையும் அதுதான், வசதியும் அதுதான். ஒரே கூடான பத்மினி காரில் பில்லர் நகர்ந்தால் வெட்டி ஒட்ட வேண்டும். இதில் தகடு வைத்தே நகர்த்தலாம்.

உன் வண்டியில் நடு தொய்ந்திருக்கிறது. நடு இறங்கினால் முன்பக்கமும் பின்பக்கமும் உள்நோக்கிச் சாயும், கதவின் மேல் இடைவெளி இறுகும், கீழே விரியும். அதோடு முனைகளில் ஸ்டாண்டு வேறு. அந்த நிலையில் அளப்பதில் அர்த்தமே இல்லை.

சமதளத்தில் நான்கு டயரில் இறக்கு. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டை வை. கதவுக்குள் கண்ணாடியும் அதை ஏற்றும் மெஷினும் இருக்கட்டும், அந்தக் கனமும் கதவை இழுக்கும். லாக் கொக்கியையும் கதவு விளிம்பில் ஒட்டும் ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிடு, அவை பொய் சொல்லும். பாடி போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, கதவுக்குக் கீழே வரும் நடு போல்ட்டுகளில் மட்டும் ஒரு தகடு சேர். முடுக்கு, அள. 5 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டு மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். இடிக்கும் இடம் தெரியாவிட்டால் விளிம்பில் சாக்கட்டி தேய்த்துச் சாத்து, பில்லரில் தடம் விழும்.

வரிசை முக்கியம்: பின்பாடியைப் பார்த்துக் கதவு, கதவைப் பார்த்து பானெட். இந்த வண்டியில் ஃபெண்டரோடு முன்பக்கம் முழுக்கக் கவிழ்ந்து திறப்பதால் அது கடைசி. கதவுக்கடியில் வரும் நீளத் தகடும் போல்ட்டில் மாட்டுவதுதான், பலத்துக்கு அல்ல. அதைப் பார்த்துக் கதவை வைக்காதே.

பெயிண்டரை நிறுத்து.

செம்மண்டலம்
நடு தொய்வு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கீல் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

மஞ்சக்குப்பம் ஹெரால்டு
இரண்டு ஞாயிறு போனது. டயரில் இறக்கி மணல் மூட்டை வைத்ததற்கே மேலே 3, கீழே 8 ஆனது. நடுவில் ஒரு தகடு சேர்த்ததும் 4, 7. இன்னொன்று வைத்தேன்: மேலே 5, கீழே ஐந்தரை. கதவின் கோடும் பின்பாடியின் கோடும் நேராக வந்து நின்றதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முன்னாடி வேற மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

ஆனால் புது பீடிங் ஒட்டியபின் கதவு பூட்ட மாட்டேன் என்கிறது. மறுபடி தகட்டைத் தொடவா?

புதுவை பழைய டிங்கர்
தொடாதே! பீடிங் கனம். காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழு. கிழிகிற இடத்தில் அதிகமாக அமுங்குகிறது, அங்கே மெல்லிய பீடிங் போடு. லாக் கொக்கியை ஒரு மயிரிழை வெளியே தள்ளி, கதவு தானாகச் சேர்கிற இடத்தில் முடுக்கு. அப்புறம் தகடுகளுக்கு இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போடு. கடலூர்க் காற்று சும்மா விடாது.

மஞ்சக்குப்பம் ஹெரால்டு
பூட்டிவிட்டது, ஒரு விரலால் தள்ளினால் போதும். இந்த முறை ஒவ்வொரு தகட்டிலும் எண் எழுதி போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பெயிண்டரைப் பொங்கல் கழித்து வரச் சொல்லிவிட்டேன். நாளை இடப்பக்கக் கதவு.