‘ரயர்’ என்றால் யார்? கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் வளர்ந்த பெறாமகன் லீவுக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வந்து நிற்கிறான். சைக்கிள் கடைப் பலகையில் ‘ரயர், ரியூப்’ (அவன் எழுதுவது ‘டயர், டியூப்’) என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “யார் சித்தி இந்த ரயர்? பெரிய ஆளா?” என்று கேட்டான். சிரித்து முடித்தபிறகுதான் விளக்கம் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘tyre’ என்பதன் ‘t’ ஒலிக்கு நாக்கு மேல்பல் முரசில் (பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில்) படும். ‘ட’ சொல்ல நாக்கு மடிந்து இன்னும் பின்னே போகும். நாங்கள் ‘வெற்றி’ என்று வாசிக்கும்போது ‘ற்ற’ அந்த முரசில்தான் விழுகிறது. மலையாளத்திலும் அப்படியே. ‘பத்தி, பற்றி, பட்டி’ மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு படிப்படியாகப் பின்னுக்குப் போகும். தொல்காப்பியமும் ற, ன இரண்டுக்கும் ஓர் இடம், ட, ண இரண்டுக்கும் வேறோர் இடம் என்றுதான் சொல்கிறது. ஆகவே ‘ரிக்கற்’றின் கடைசி ‘ற்’ எனக்கு விளங்குகிறது. (அவன் எழுதும் ‘டிக்கெட்’தான் என் காதுக்குத் தடிப்பாக இருக்கிறது!)

ஆனால் முதலில் ஏன் ‘ர’? ‘ற’ சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணமா, வேறு காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், ‘ரயர்’, ‘ரோச்’ (டார்ச்), ‘ரொபி’ (டாஃபி) என்று எழுதிய பழைய கடைப் பலகை, பற்றுச்சீட்டு ஏதும் வீட்டில் கிடந்தால் ஆண்டையும் குறிப்பிட்டுப் படம் போடுங்கள். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் ‘பற்றி’ என்று சொல்லவைத்து ஒலிப்பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது. பெடியன் ஞாயிறு திரும்பிப் போகிறான்.